சாவியைப் பிறகு பார்ப்போம், பெயரேட்டைக் காட்டுங்கள்

சீக்கியர்களின் கோயில் வழக்குகளைப் பற்றி எழுத முஸ்லிம் வாத்தியார் ஒருவருக்கு என்ன தேவை வந்தது என்று கேட்கக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இலங்கையில் சீக்கியர் மிகச் சிலரே. குரு நானக் இந்தத் தீவுக்கு வந்துபோனார் என்று அவர்களுடைய மரபுக் கதைகள் கூறுகின்றன. அதற்கு மேல் நமக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் அதிகமில்லை. ஆனால் ஒரு விடயம் இரு சாராருக்கும் பொது. வணக்கத் தலத்தை நடத்துகிறவரை யார் நியமிப்பது? அவர் சரியில்லை என்றால் யார் இறக்குவது? இதை அவர்கள் நூறு வருடங்களுக்கு மேலாகத் தெருவிலும் சிறையிலும் நியாய சபையிலும் பகிரங்கமாகக் கேட்டு வருகிறார்கள். நாமோ ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற இடைவெளியில் ஒருவர் காதில் ஒருவர் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

நான் கிராமத்துப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறவன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையைத் தாண்டிப் படித்தவன் அல்லன். சட்டத்தரணிகளோடு வாதாடும் தகுதி எனக்கில்லை. பெண் எடுத்த ஊர் கொலன்னாவை என்பதால் தவணை விடுமுறையும் நோன்பு மாத விடுமுறையும் எனக்கு இங்கேதான் கழிகின்றன. களனி கங்கை பெருகினால் முதலில் நனைகிற ஊர்களில் இதுவும் ஒன்று. 2016 மே வெள்ளத்தில் இப்பகுதிப் பள்ளிவாசல்கள் சமையற்கூடங்களாக மாறின. யார் எவர் என்று கேட்காமல் சோற்றுப் பார்சல் போனது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி பக்கத்து மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த நாட்களிலும் பள்ளிகளின் கதவு திறந்தே இருந்தது. பெயர் கேட்காமல் ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தெரிந்த நமக்கு, பெயர் எழுதி ஏழு பேரைத் தெரிவுசெய்யத் தெரியவில்லை. என் ஆத்திரம் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

இனிப் பஞ்சாபுக்குப் போவோம்.

சீக்கிய அரசை 1849இல் பிடித்த ஆங்கிலேயர், காணிகளை அளந்து பதியத் தொடங்கினார்கள். குருத்வாராக்களுக்கு மானியமாக விடப்பட்டிருந்த காணிகளில் பல, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மஹந்த்களின் பெயரிலேயே பதிவாயின. மஹந்த் என்பவர் குருத்வாராவின் பரம்பரைப் பொறுப்பாளர். நம் ஊர்களில் தர்காவையோ தைக்காவையோ தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வந்த குடும்பத்தை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். கால்வாய்ப் பாசனம் வந்தது, வரண்ட பூமி விளைந்தது, வருமானம் பெருகியது. காவலாளி உரிமையாளனானான். வழக்குப் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டார்கள். சிவில் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஏடு மஹந்தின் பக்கம் நின்றது. சபையோ ஏட்டில் எங்குமே இல்லை. கும்பிட வருகிறவர்கள் எத்தனை பேர், யார் யார், அவர்கள் சார்பில் பேசக்கூடியவர் எவர் என்பதற்கு எழுத்தில் ஒரு வரி கிடையாது.

1920 நவம்பர் 15ஆம் திகதி அமிர்தசரஸில் சீக்கியர் கூடி சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியை அமைத்தார்கள். மூன்று மாதத்தில் இரத்தம் ஓடியது. குரு நானக் பிறந்த இடமான நன்கானா சாஹிபின் மஹந்த் நாராயண் தாஸ் கூலிப்படை வைத்திருந்தான். 1921 பெப்ரவரி 20ஆம் திகதி காலையில் உள்ளே வந்த சீக்கியரை அந்தப் படை வெட்டியும் சுட்டும் எரித்தும் கொன்றது. இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது.

அதே வருடம் நவம்பரில் அமிர்தசரஸின் துணை ஆணையாளர் பொற்கோயில் திறைசேரியின் சாவிகளை வாங்கிக்கொண்டார். ஒரு சாவிக்கொத்துக்காக ஆட்கள் சாரிசாரியாகச் சிறைக்குப் போனார்கள். 1922 ஜனவரியில் அரசாங்கம் சாவியைத் திருப்பிக் கொடுத்தது. சில மாதங்களில் 'குருவின் தோட்டம்' எனப்படும் குரு கா பாக் விவகாரம் கிளம்பியது. குருத்வாரா சபையிடம் வந்துவிட்டது. ஆனால் பக்கத்துக் காணி என்னுடையது என்றார் அங்கிருந்த மஹந்த். பொதுச் சமையலறைக்கு விறகு வெட்டியவர்கள் மீது திருட்டுக் குற்றம் சுமத்தினார்கள். அதன் பிறகு நாள்தோறும் அணி அணியாக வந்து, கை ஓங்காமல், பொலிஸின் தடியடியை வாங்கி விழுந்தார்கள். பாதிரியார் சி. எஃப். அன்ட்ரூஸ் நேரில் போய்ப் பார்த்து மனம் கலங்கி எழுதினார். விறகுக்கு அடிபட்டார்கள் என்று சொன்னால் சிரிப்பு வரும். நம் பள்ளிகளிலும் சண்டை என்றைக்காவது அகீதாவில் தொடங்கியிருக்கிறதா? கடை வாடகையில், தென்னந்தோட்டக் குத்தகையில், கந்தூரி அரிசிக் கணக்கில்தான் தொடங்குகிறது. அகீதா பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது.

இத்தனைக்கும் பின் வந்ததுதான் 1925ஆம் ஆண்டின் சீக்கிய குருத்வாராச் சட்டம். நம் புத்திஜீவிகள் அதை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். எந்தெந்தத் தலங்கள் குருத்வாராக்கள் என்று அட்டவணை போட்டது. தகராறுக்குத் தனி நியாய சபை வைத்தது. எல்லாவற்றிலும் பெரியது, யார் வாக்களிக்கலாம் என்பதற்கு வரைவிலக்கணம் தந்து வாக்காளர் இடாப்பு எழுத வைத்தது. அந்த இடாப்பில் பெண்களும் இருந்தார்கள். 1925இல்! சர்வசன வாக்குரிமை நமக்கு வந்தது 1931இல். அதற்கு ஆறு வருடம் முன்பே பஞ்சாபில் ஒரு விவசாயியின் மனைவிக்குத் தன் வணக்கத்தலத்தை நடத்துபவர் யார் என்று சொல்லச் சட்டத்தில் உரிமை இருந்தது. நூறு வருடம் கழித்து என் மனைவிக்கு அது இல்லை.

இங்கே ஒருவர் எழுந்து, ஷஹீத்கஞ்சை மறந்துவிட்டீரா என்று கேட்பார். மறக்கவில்லை. லாகூரில் ரயில் நிலையத்துக்குக் கிட்டிய பள்ளிவாசல் அது. 1722இல் வக்பு செய்யப்பட்டது. 1762 அளவில் அந்த இடம் சீக்கியர் வசமானது. ஆங்கிலேயர் வந்த பின் முதவல்லி என்று உரிமை கோரிய ஒருவர் வழக்காடித் தோற்றார். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்தக் காணி குருத்வாரா சொத்தாக அறிவிக்கப்பட்டபோது, அஞ்சுமனே இஸ்லாமியாவும் நியாய சபையில் கோரிக்கை வைத்து 1930இல் தோற்றது. அந்த இடத்தை அனுபவித்து வந்த சீக்கிய மஹந்தும் அதே நியாய சபையில்தான் தோற்றார் என்பதை நம்மவர் சொல்வதில்லை. 1935 ஜூலை 7ஆம் திகதி இரவு பள்ளி இடிக்கப்பட்டது. கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் முஸ்லிம்கள் இறந்தார்கள். அந்த ஒக்டோபரில் தொடுத்த வழக்கில் முதல் வழக்காளி யார் தெரியுமா? பள்ளிவாசலேதான்! லாகூர் மேல் நீதிமன்றம் 1938இல் இரண்டுக்கு ஒன்று என்று தள்ளுபடி செய்தது. 1940 மே 2ஆம் திகதி இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் தள்ளியது. காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது, பள்ளிவாசல் தானே வழக்காளியாக வந்து நிற்க முடியாது என்பவையே தீர்ப்பின் சாரம்.

அந்த இடிப்பு அநியாயம். மரத்தடியில் வைத்து எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் வழக்கின் நீண்ட வரலாற்றை வாசிக்கும்போது வேறொன்று உறுத்துகிறது. உரிமை கேட்டு முதலில் வந்தது முதவல்லியின் பெயரில் ஒரு தனி மனிதர். பிறகு வந்தது ஒரு சங்கம். கடைசியில் வந்தது கட்டடம். லாகூரின் தொழுகையாளிகள் எழுதப்பட்ட பெயர்களோடு ஒரு சபையாக நின்ற கட்டம் எது? எதிர்ப்பக்கத்தில் நின்றது வாக்களித்துத் தெரிவான ஒரு கமிட்டி. தீர்ப்பைத் தந்தது காலக்கெடுதான், ஏடு அல்ல, அதை மறுக்கவில்லை. எனினும் இரு தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கு வெட்கம் வர வேண்டும்? 1947இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. ஆட்சி முஸ்லிம்களுடையதானது. அந்த இடம் இன்றும் குருத்வாராவாகவே நிற்கிறது. தீர்ப்பை மதித்து அப்படியே விட்டது பாகிஸ்தானின் கண்ணியம் என்றே நான் எண்ணுகிறேன்.

கட்டடம் வழக்காட முடியாது என்ற அந்தத் தீர்ப்புக்கு ஒரு பின்கதை உண்டு. 2000 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம், சீக்கியரின் வேதமான குரு கிரந்த் சாஹிப் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்று சொன்னது. பட்டியாலாப் பக்கத்துக் கிராமமொன்றில் காணி அந்த வேதத்தின் பெயரில் பதியப்பட்டிருந்ததால் வந்த வழக்கு. வேதத்துக்குக் காணி உரிமை உண்டா என்பதெல்லாம் சட்டம் படித்தவர்கள் இரவிரவாகப் பேச வேண்டியது. எனக்கு அதில் ஒரு சந்தேகம்தான். உரிமையாளர் பேசமாட்டார் என்றால், அவருக்காகப் பேசுகிறவரை நியமிக்கிற கை யாருடையது? வேதமாக இருக்கட்டும், அல்லாஹ்வின் வீடாக இருக்கட்டும், கேள்வி சுற்றிச் சுற்றி அந்தக் கையிடம்தான் வந்து நிற்கிறது.

சீக்கியர் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்கள் என்று நான் விளம்பரம் செய்யவில்லை. அவர்களுடைய இடாப்பே பிறகு போர்க்களமானது. தலைமயிரைக் கத்தரிக்கிற, ஆனால் குருமாரை ஏற்கிற சஹஜ்தாரிகளுக்கு வாக்கு உண்டா இல்லையா என்ற பிரச்சினை. 2003இல் மத்திய அரசு ஓர் அறிவித்தலால் அவர்களை நீக்கியது. 2011 செப்டெம்பரில் அவர்கள் இல்லாமலேயே தேர்தல் நடந்தது. டிசம்பரில் பஞ்சாப் ஹரியானா மேல் நீதிமன்றம் அந்த அறிவித்தலை இரத்துச் செய்தது. தெரிவான புதிய சபை கூட முடியாமல் வருடக்கணக்கில் வெளியே நிற்க, பழைய நிர்வாகக் குழுவே உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியோடு கதிரையில் இருந்தது. 2016இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நீக்கம் 2003இலிருந்தே செல்லும் என்றது. அதன் பிறகாவது உரிய காலத்தில் அடுத்த தேர்தல் வந்ததா என்றால், அதுவும் இல்லை, வருடங்கள் ஓடின. ஹரியானாச் சீக்கியர் எங்களுக்குத் தனிக் கமிட்டி வேண்டும் என்று கேட்டு 2014இல் சட்டம் பெற்றார்கள். வழக்கு முடிய 2022 செப்டெம்பர் ஆனது. தேர்தல் நடக்க 2025 ஜனவரி ஆனது.

பார்த்தீர்களா, வாக்குக் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று நம் ஹாஜியார்மார் இதைக் காட்டிக் கைதட்டக் கூடும். நான் நேர்மாறாகப் படிக்கிறேன். சஹஜ்தாரி ஒருவர் நீதிமன்றத்தில் நின்று, என் பெயர் நேற்று இருந்தது, இன்று இல்லை, ஏன் என்று கேட்க முடிந்தது. பெயர் என்றைக்கும் எழுதப்படாதவர் எந்த நீதிமன்றத்தில் எதைக் கேட்பார்?

பெயரேட்டைத் தவிர்த்துவிட்டு வேறு வழிகளைத் தேடினால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரும் பர்மிங்ஹாமும் இருக்கின்றன. சிங்கப்பூர் குயின் ஸ்ட்ரீட்டில் 1912இல் ஒரு குருத்வாரா அமைந்தது. மாஜா, மால்வா, தோஆபா என்று பஞ்சாபின் மூன்று பிரதேசத்துக்காரரும் நிர்வாகத்துக்கு அடித்துக்கொண்டார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் 1917இல் என்ன செய்தது? குருத்வாராவை எடுத்து, முகம்மதிய இந்து அறக்கட்டளைச் சபையின் கையில் கொடுத்துவிட்டது! சீக்கியர் கோயிலை முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்குமான சபை பரிபாலித்தது. இருபது வருடத்துக்கு மேல் அந்த அவமானம் நீடித்தது. 1940இல் தனிச் சட்டம் வந்து மூன்று பிரிவுக்கும் சமமாக நம்பிக்கையாளர் இடங்களைப் பங்கிட்டது. கடல் கடந்து வந்த ஊர்ச்சண்டைக்குச் சட்டத்திலேயே மூன்று கதிரை போட்டுக் கொடுத்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. நம் பள்ளிகளில் இந்தத் தெருவுக்கு இரண்டு பேர், அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பேர், வியாபாரிகளுக்கு மூன்று பேர் என்று பிரித்துக்கொள்வதை 'மஷூரா' என்று அழைக்கிறவர்கள் குயின் ஸ்ட்ரீட்டை நினைத்துக்கொள்ளட்டும்.

பர்மிங்ஹாம் கதை வேறு. அங்கும் ஹை விக்கமிலும் உள்ள குருத்வாராக்களின் நம்பிக்கைப் பத்திரம், நம்பிக்கையாளரை நியமிக்கவும் நீக்கவும் உள்ள அதிகாரத்தை ஒரு புனிதரிடமும் அவருடைய வாரிசிடமும் கொடுத்தது. புனிதர் காலமானார். வாரிசு யார் என்று வழக்கு. இது மார்க்க விடயம், நாங்கள் தொடமாட்டோம் என்று 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒதுங்கியது. 2014 ஜூனில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம், சொத்தும் நம்பிக்கைப் பொறுப்பும் சம்பந்தப்பட்டிருந்தால் மார்க்கக் கேள்வியையும் விசாரித்தே ஆக வேண்டும் என்று திருப்பிவிட்டது. உண்மையான வலியுல்லாஹ் யார் என்பதை, விக் தரிக்கிற நாட்டு நீதவான்கள் சாட்சி கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டிய நிலை. அந்தப் பத்திரத்தை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். புனிதரை முழு மனதோடு நம்பியவர்கள். சபையை மட்டும் நம்பவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்நாட்டில் விகாரைச் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் பௌத்த ஆதனச் சட்டம் உண்டு. நமக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் உண்டு. அதன்படி பள்ளி பதியப்படுகிறது, வக்பு சபை நம்பிக்கையாளரை நியமிக்கிறது அல்லது உறுதிப்படுத்துகிறது, தகராறு வக்பு நியாய சபைக்குப் போகிறது, அதற்கு மேல் மேன்முறையீடு. சட்டம் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. அந்தந்தப் பள்ளியின் வழக்கத்தையும் மதித்தே நியமனம் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வழக்கம் என்ன என்று சொல்வது யார்? ஏற்கெனவே கதிரையில் இருப்பவர்!

எங்கள் பக்கத்துப் பள்ளியொன்றின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எல்லா ஊருக்கும் ஒத்து வரும். நிர்வாகத்தின் காலம் முடிந்தது. புதிய சபையைத் தெரிவுசெய்ய ஜும்ஆவுக்குப் பின் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஒரு சாரார் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள், மறு சாரார் அவர்கள் வெளியூர்க்காரர் என்றார்கள். ஜமாஅத்தார் யார் என்று கேட்டதற்கு ஒருவர் சந்தாப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் ஐவேளையும் வருகிறவன்தான் ஜமாஅத் என்றார். மூன்றாமவர் இந்த ஊரில் பிறந்தவன்தான் என்றார். மூவரும் தத்தம் ஆட்களை மனதில் எண்ணிக்கொண்டே பேசினார்கள். இரண்டு பட்டியல் மேலே போயின. வழக்கு வந்தது, சட்டத்தரணிகள் வந்தார்கள், தவணை மேல் தவணை. அந்த நோன்பில் பள்ளி முற்றத்தில் இரண்டு கஞ்சிப் பானை கொதித்தது. இரு தரப்பும் தனித்தனியே அரிசி சேர்த்தார்கள். சிறுவர்கள்தான் கெட்டிக்காரர்கள், இரண்டு வரிசையிலும் நின்று இரண்டு வாளி வாங்கிப் போனார்கள்.

சமாதானம் பேசப் போன இடத்தில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், நீங்க லீவுக்கு வாற ஆள். இதில வாய் வைக்காதீங்க." அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நான் எந்தப் பள்ளியின் ஜமாஅத்? ஊரிலும் சந்தா கொடுக்கிறேன், இங்கும் கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் கை உயர்த்த எனக்கு உரிமை இருக்கக் கூடாது. ஆனால் அதைத் தீர்மானிக்க அந்தப் பெரியவருக்கு வாய் தவிர ஓர் ஏடும் இருந்திருக்க வேண்டும்.

இந்த விவகாரங்களில் நமக்குள் இரண்டு வகைப் போதகர்கள் இருக்கிறார்கள். ஒரு வகையினர், பள்ளிப் பிரச்சினையைக் கோட்டுக்குக் கொண்டுபோவது சமூகத்துக்கு வெட்கம் என்பார்கள். இப்படிச் சொல்கிறவரின் இடுப்பில் கையை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு சாவி தொங்கும். கோட்டுக்குப் போவது வெட்கமென்றால் மருதானைப் பள்ளி நம்பிக்கையாளர்கள் என்ன செய்தார்கள்? ஸாஹிராக் கல்லூரியை அரசு பொறுப்பேற்றபோது எதிர்த்து நின்று, பிரிவிக் கவுன்சில் வரை போய், எங்கள் தரப்பை ஒழுங்காகக் கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது என்று 1966இல் வென்றார்கள். மறு தரப்பைக் கேட்காமல் தீர்க்காதே என்பது நமக்குப் புதிய பாடமா என்ன? ஒவ்வொரு காழியும் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் அது.

மற்ற வகையினர் எடுத்ததற்கெல்லாம் மனு எழுதுகிற இளைஞர்கள். தொழுகை விரிப்பு மாற்றியதற்கு ஒரு மனு, ஒலிபெருக்கிக்கு ஒரு மனு. இவர்களுக்கு நியாய சபை ஒரு மைதானம். தீர்ப்பு வந்தால் நம்பிக்கையாளர் யார் என்பது தெரியும்; அவர் பின்னால் தொழ மனம் வருமா என்பதைத் தீர்ப்பு எழுதித் தராது. சட்டத்தரணிக்குப் போன காசில் அந்தப் பள்ளியின் கூரை வேய்ந்திருக்கலாம். இரு வகையினரும் எதிரெதிர் முகாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பெயரேடு எழுதுவோம் என்று நான் சொன்னபோது இருவருமே ஒரே குரலில் மறுத்தார்கள். எழுதினால் எண்ணலாம் அல்லவா!

தேர்தல் மேற்கத்திய சரக்கு, நமக்கு ஷூராவே போதும் என்றும் சிலர் எழுதுகிறார்கள். சரி, ஷூராவையே எடுத்துக்கொள்வோம். உமர் (ரழி) காயமுற்றுக் கிடந்தபோது அடுத்த தலைவரைத் தெரிவுசெய்ய ஆறு பேரை நியமித்தார். அவர்களுள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) தனக்குத் தலைமை வேண்டாம் என்று விலகிக்கொண்டு, மதீனாவில் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தார். திரைக்குப் பின்னிருந்த பெண்களிடமும் கேட்டார் என்று இப்னு கஸீர் பதிந்திருக்கிறார். அதே உமர்தான் திவான் என்ற பெயரேட்டை நிறுவினார். கோத்திரம் கோத்திரமாகப் பெயர் எழுதப்பட்டது; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கூட அதில் பங்கு குறிக்கப்பட்டது. பொதுப் பணம் பெருகியபோது அவர் முதலில் தேடியது ஏட்டைத்தான். அந்த ஏட்டை எந்த வெள்ளைக்காரனிடம் கற்றார்? பாரசீகரிடம் கற்றார் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். அப்படியானால் நல்லதை எவரிடமும் கற்கலாம் என்று ஆகிறது, சீக்கியரிடமும் கற்கலாம்.

ஒழுங்காக இடாப்பு வைத்து, கணக்கைச் சுவரில் ஒட்டி, காலம் முடிந்ததும் இறங்கிப் போகிற நிர்வாகங்களும் நாட்டில் இருக்கின்றன. அவர்களுக்கு என் சலாம். நான் பேசுவது மற்றவர்களைப் பற்றி.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தமல்ல. பதியப்பட்ட ஒவ்வொரு பள்ளியும் தன் மஹல்லாவிலுள்ள வயதுவந்த ஆண் பெண் அனைவரின் பெயரையும் எழுத வேண்டும். வாடகை வீட்டுக்காரரையும் எழுத வேண்டும். கொலன்னாவை போன்ற ஊரில் பாதித் தொழுகையாளிகள் அவர்கள்தான், வெள்ளத்தில் பானை கழுவியவர்களும் அவர்கள்தான். ஓர் ஆளுக்கு ஒரு பள்ளி. சந்தா கட்ட முடியாதவரின் பெயரைச் சந்தாவுக்காக வெட்டக் கூடாது. எழுதிய ஏட்டை அறிவித்தற் பலகையில் ஒரு மாதம் தொங்கவிட்டு ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அந்த ஏடு இல்லாமல் வருகிற எந்தப் பெயர்ப் பட்டியலையும், அது எந்தத் தரப்புடையதாக இருந்தாலும், எந்த அரசியல்வாதியின் கடிதத்தோடு வந்தாலும், வக்பு சபை திருப்பி அனுப்ப வேண்டும்.

யார் இதையெல்லாம் எழுதுவது என்று கேட்கிறார்கள். தேர்தல் கடமைக்கு நாடு முழுவதும் போகிற வாத்திமார் நாங்கள்; இடாப்பில் விரலை வைத்துப் பெயர் தேடிப் பழகியவர்கள். ஒரு விடுமுறைக்குள் முடித்துத் தருகிறோம், கூலி வேண்டாம். கொலன்னாவையில் என் மனைவியின் வீட்டிலிருந்தே தொடங்கலாம். மாமா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மாதா மாதம் சந்தாவைக் கொடுப்பது மாமி, தையல் காசில். ரசீது இன்னும் மாமாவின் பெயரில்தான் வருகிறது.